பாக்டீரியாவுக்குள் வெளி டிஎன்ஏ: தானே இழுத்துக்கொள்கிறதா, நாம் தள்ளுகிறோமா?

அகல்விழி:

அனைவருக்கும் வணக்கம். ஈ. கோலை செல்களைக் கால்சியம் குளோரைடு கரைசலில் பனிக்கட்டியின் மீது வைத்து, ஆம்பிசிலின் மருந்தை எதிர்க்கும் மரபணு கொண்ட பிளாஸ்மிட் டிஎன்ஏவை (குரோமோசோமுக்கு வெளியே தனியாகப் பெருகும் சிறு வட்ட டிஎன்ஏ) சேர்த்து, 42 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு நிமிடத்திற்கும் குறைவாக வைத்தெடுத்து, மீண்டும் பனிக்கட்டிக்கு மாற்றி, பின்னர் ஆம்பிசிலின் கலந்த அகார் தட்டில் பரப்புகிறோம். மறுநாள் தட்டில் தோன்றும் பாக்டீரியாக் கூட்டங்களை (காலனிகளை) பார்த்து ‘உருமாற்றம் நடந்துவிட்டது’ என்று எழுதுகிறோம். கிரிஃபித் 1928இல், நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவில் கண்டதையும் பாடநூல்கள் உருமாற்றம் என்றே சொல்கின்றன.

இங்குதான் எனக்கு ஐயம் எழுகிறது. கிரிஃபித்தின் பாக்டீரியாக்களை யாரும் கால்சியத்தில் ஊறவைக்கவில்லை, வெப்ப அதிர்ச்சியும் கொடுக்கவில்லை. எலியின் உடலுக்குள், இறந்துபோன வேறொரு வகையின் பொருளை அவை தாமாகவே ஏற்றுக்கொண்டன. அப்படியானால் இவ்விரண்டும் உண்மையில் ஒரே நிகழ்வுதானா? தாமாக ஏற்பவை எந்த உறுப்பைக் கொண்டு ஏற்கின்றன? முன்பின் அறியாத டிஎன்ஏவை உள்ளே விடுவது ஆபத்தான செயலாகத் தோன்றும்போது, அதற்கென ஓர் ஏற்பாட்டையே ஏன் வைத்திருக்கின்றன? விரிவாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செல்சுவர்:

இரண்டும் ஒரே நிகழ்வு அல்ல. விளைவு ஒன்றுபோல் இருப்பதால் ஒரே தலைப்பின்கீழ் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். கால்சியமும் வெப்பமும் செல்லின் சவ்வைத் தற்காலிகமாகக் குலைத்து டிஎன்ஏவுக்கு இடம் கொடுக்கின்றன; செல்லுக்கு இதில் எந்த முனைப்பும் இல்லை. இயற்கையான உருமாற்றத்திலோ டிஎன்ஏவை இழுப்பதற்கென்றே பல மரபணுக்கள் சேர்ந்து ஓர் இயந்திரத்தைக் கட்டுகின்றன. அந்த இயந்திரம் இயங்கும் நிலையைத்தான் ‘ஏற்புத்திறன்’ என்கிறோம். நீங்கள் ‘எந்த உறுப்பு’ என்று கேட்டதால் அந்த இயந்திரத்தையே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் செல்லின் மேற்பரப்பிலிருந்து நான்காம் வகைப் பிலஸ் அல்லது அதை ஒத்த மெல்லிய புரத இழை ஒன்று வெளியே நீள்கிறது. 2018இல் காலரா கிருமியான விப்ரியோவில் இந்த இழைகளுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, இழையின் நுனி டிஎன்ஏவைப் பற்றுவதையும் பின்னர் இழை சுருங்கி அதைச் செல்லை நோக்கி இழுப்பதையும் நுண்ணோக்கியில் நேரடியாகவே கண்டார்கள். வெளிச்சவ்வு உள்ள பாக்டீரியாக்களில் பில்கியூ என்னும் புரத வளையத்தின் துளை வழியாக டிஎன்ஏ உள்ளே வருகிறது. அங்கே காம்இஏ என்னும் புரதம் அதைப் பற்றிக்கொண்டு, பின்னோக்கி நழுவிவிடாமல் காக்கிறது. இதுவரை டிஎன்ஏ இரட்டை இழையாகவே இருக்கிறது.

உள்சவ்வில்தான் முதன்மையான மாற்றம் நிகழ்கிறது. அங்குள்ள காம்இசி என்னும் வாயிலின் வழியாக ஓர் இழை மட்டுமே செல்லுக்குள் போகிறது. மற்ற இழை சிதைக்கப்படுகிறது. நிமோகாக்கஸில் அந்தச் சிதைவைச் செய்யும் நொதிக்கு எண்ட்ஏ என்று பெயர். உள்ளே வந்த ஒற்றை இழையை டிபிஆர்ஏ புரதம் உடனே பற்றி ரெக்ஏ புரதத்தை அதன்மேல் ஏற்றுகிறது. ரெக்ஏ, செல்லின் சொந்தக் குரோமோசோமில் அந்த இழைக்கு ஒத்த பகுதியைத் தேடிக் கண்டு, அங்கிருந்த பழைய இழையை விலக்கிப் புதியதைப் பொருத்துகிறது. பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் மண்வாழ் பாக்டீரியா, நொடிக்கு ஏறத்தாழ 80 காரங்கள் (டிஎன்ஏ இழையின் எழுத்துகள் போன்ற கூறுகள்) என்ற வேகத்தில் டிஎன்ஏவை இழுப்பதை ஒளியிடுக்கிக் கருவி கொண்டு அளந்திருக்கிறார்கள். சவ்வில் ஏற்பட்ட கிழிசல் வழியாக எதுவும் இத்தனை சீரான வேகத்தில் நுழையாது.

இந்த இயந்திரம் எப்போதும் இயங்குவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிமோகாக்கஸ் 17 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு பெப்டைடை வெளியிடுகிறது. சுற்றுப்புறத்தில் அதன் செறிவு கூடியதும் மொத்தக் கூட்டமும் ஏற்புத்திறன் பெற்று, சிறிது நேரத்திலேயே அதை இழக்கிறது. பேசில்லஸில் 10 முதல் 20 விழுக்காடு செல்கள் மட்டுமே அந்நிலையை அடைகின்றன. விப்ரியோவுக்கு இறால், நண்டு போன்றவற்றின் ஓட்டிலுள்ள கைட்டின் இருந்தால்தான் ஏற்புத்திறன் தூண்டப்படும் என்பது 2005இல் தெரியவந்தது. அதோடு அது நிற்கவில்லை: அதே தூண்டுதலில், அருகிலுள்ள செல்லைக் குத்திக் கொல்லும் ஆறாம் வகைச் சுரப்பு அமைப்பும் இயங்கத் தொடங்கி, கொல்லப்பட்ட செல்லிலிருந்து சிந்தும் டிஎன்ஏவை விப்ரியோ எடுத்துக்கொள்கிறது என 2015இல் காட்டினார்கள். டிஎன்ஏ கிடைக்கும்வரை காத்திருக்காமல் அதைத் தேடிக்கொள்ளும் ஓர் உயிரியைப் பற்றி ‘உள்ளே தள்ளப்படுகிறது’ என்று எழுதுவது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

மருதன்:

செல்சுவர் ஐயாவின் விளக்கத்தோடு ஆய்வகத்தின் பக்கத்தையும் சேர்க்க விரும்புகிறேன். அதை வெறும் கிழிசல் என்று கடந்துவிட மனம் வரவில்லை. 1970இல் மாண்டெலும் ஹிகாவும் கால்சியம் சேர்த்தால் ஈ. கோலை லாம்டா பேஜின் (பேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) டிஎன்ஏவை ஏற்கும் என்று காட்டினார்கள். 1972இல் கோஹென், சாங், ஷூ ஆகிய மூவரும் அதே முறையில், மருந்தை எதிர்க்கும் மரபணு கொண்ட எதிர்ப்புப் பிளாஸ்மிட்டைச் செலுத்தினார்கள். மரபணுப் பொறியியல் முழுவதற்கும் வழி திறந்த படிகள் இவை.

டிஎன்ஏவுக்கும் எதிர்மின்னேற்றம், செல்லின் வெளிப்பரப்பில் உள்ள, கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த லிப்போபாலிசாக்கரைடுக்கும் எதிர்மின்னேற்றம். கால்சியம் அயனிகள் இடையில் நின்று இந்த விலக்கத்தைத் தணிக்கின்றன. பனிக்குளிர் சவ்வை இறுகச் செய்கிறது. திடீர் வெப்பம் அதைக் குலைக்கிறது. மின்துளையிடலில் இன்னும் நேரடியாக, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியுள்ள குவளையில் 1.8 கிலோவோல்ட் அளவில் மின்துடிப்புக் கொடுத்துச் சவ்வில் துளைகளை உண்டாக்குகிறோம். செல்களைக் கழுவும்போது உப்பு எஞ்சியிருந்தால் குவளையில் மின்பொறி வெடித்துச் செல்கள் எல்லாம் மடியும்; ஆகவேதான் கிளிசரால் கலந்த தூய நீரில் பலமுறை கழுவச் சொல்கிறார்கள்.

இவ்விரு வழிகளுக்கும் இடையிலான வேறுபாடு உங்கள் தட்டிலேயே தெரியும். ஆய்வக முறையில் பிளாஸ்மிட் இரட்டை இழையாகவே, வட்டம் சிதையாமலே உள்ளே போகிறது; போனவுடன் தானே பெருகத் தொடங்கும். அதே டிஎன்ஏவை நேர்கோட்டுத் துண்டாக வெட்டிக் கொடுத்தால் ஈ. கோலையின் ரெக்பிசிடி நொதி முனைகளிலிருந்து தின்று தீர்த்துவிடும். இயற்கை முறையில் நிலைமை தலைகீழானது. ஒத்த பகுதியுள்ள நேர்கோட்டுத் துண்டு எளிதில் குரோமோசோமில் சேர்கிறது. பிளாஸ்மிட்டோ ஒற்றை இழையாக உள்ளே வருவதால், வட்டமாக மீண்டும் கூடத் திணறுகிறது. பேசில்லஸில் ஒற்றைப் பிரதியாக உள்ள பிளாஸ்மிட் மூலக்கூறு ஏறக்குறையப் பயனற்றது, பல பிரதிகள் தொடராக இணைந்த மூலக்கூறே வேலை செய்யும். ஆகையால் அகல்விழி அவர்களே, ‘டிஎன்ஏ உள்ளே போனதா’ என்ற கேள்வியையும் ‘உள்ளே போனது தங்கியதா’ என்ற கேள்வியையும் எப்போதும் தனித்தனியாகக் கேளுங்கள். தட்டில் தெரியும் கூட்டம் இரண்டாவது கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது.

நுண்ணோக்கி:

‘ஏன்’ என்ற கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை. பாடநூல்களில் வழக்கமாகச் சொல்லப்படும் விடை, புதிய மரபணுக்களைப் பெற்று மாறும் சூழலுக்குத் தகவமையவே பாக்டீரியா டிஎன்ஏவை ஏற்கிறது என்பது. இந்த விடையை அப்படியே ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. என்றோ ஒருநாள் பயன்படலாம் என்ற வாய்ப்புக்காக இயற்கைத் தேர்வு ஓர் இயந்திரத்தைக் காத்து வைப்பதில்லை. ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு செல்லுக்கும் உடனடியாகக் கிடைக்கும் பயன் ஏதேனும் இருக்க வேண்டும்.

அந்தப் பயன் உணவு என்பது நுண்ணுயிரியலாளர் ரோஸ்மேரி ரெட்ஃபீல்டு முன்வைத்த வாதம். டிஎன்ஏவில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நிறைந்திருக்கின்றன; அதன் காரங்களைச் செல் தானே உருவாக்க நிறைய ஆற்றல் செலவாகும். ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே என்னும் பாக்டீரியா, பட்டினி ஊடகத்திற்கு மாற்றப்பட்டவுடன் ஏற்புத்திறன் பெறுகிறது. டிஎன்ஏவின் கட்டுமானக் கூறுகளான பியூரின் நியூக்ளியோடைடுகளைச் சேர்த்தால் அந்த ஏற்புத்திறன் அடங்கிவிடுகிறது. உள்சவ்வில் ஓர் இழை சிதைகிறது என்றார் செல்சுவர் ஐயா. சிதைந்த அந்தப் பாதியின் காரங்கள் வீணாவதில்லை. உள்ளே வந்த மறு இழை குரோமோசோமில் பொருந்தினாலும், விலக்கப்பட்ட பழைய இழை சிதைந்து அதுவும் செல்லின் கையிருப்பில் சேர்கிறது. அதாவது, மரபணு மாறினாலும் மாறாவிட்டாலும் செல்லுக்கு வரவு உண்டு.

நம் ஆய்வகத்தின் ஈ. கோலையிலும் இந்த இயந்திரத்தை ஒத்த மரபணுக்கள் இருக்கின்றன. டிஎன்ஏவை மட்டுமே கரிம உணவாகக் கொடுத்தாலும் ஈ. கோலை வளர்கிறது என்றும், அந்த மரபணுக்களை நீக்கினால் அந்தத் திறனை இழக்கிறது என்றும் காட்டப்பட்டிருக்கிறது.

செல்சுவர்:

நண்பரின் வாதத்தை மதிக்கிறேன். ஆனால் அது இயந்திரத்தின் முன்பாதியை மட்டுமே விளக்குகிறது. உணவுக்காகத்தான் டிஎன்ஏ இழுக்கப்படுகிறது என்றால், உள்ளே வரும் இழையைச் சிதையாமல் காப்பதற்கென்றே டிபிஆர்ஏ புரதம் எதற்கு? நிமோகாக்கஸிலும் ஹீமோஃபிலஸிலும் டிஎன்ஏவை இழுக்கும் மரபணுக்கள் இயங்கும் அதே தருணத்தில் டிபிஆர்ஏவின் மரபணுவும் சேர்ந்தே இயங்குகிறது. விப்ரியோ இன்னும் தெளிவான சான்று. செல் அடர்த்தி கூடும்போது அது, வெளியில் டிஎன்ஏவைச் சிதைக்கும் தன் சொந்த நொதியின் உற்பத்தியை அடக்கிவிடுகிறது. உணவே நோக்கமென்றால் டிஎன்ஏவை வெளியிலேயே வெட்டிச் சிறுகூறுகளாக உறிஞ்சுவது எளிது. அதற்கான நொதியும் அதனிடம் இருக்கிறது. அதை அடக்கிவிட்டு, நீண்ட மூலக்கூறை முழுதாக இழுக்கச் செலவு செய்வதன் காரணம், நீளமான துண்டு தேவைப்படுகிறது என்பதாகவே இருக்க முடியும்.

ஹீமோஃபிலஸ் எல்லா டிஎன்ஏவையும் ஒன்றுபோல் ஏற்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒன்பது காரங்கள் கொண்ட ஓர் அடையாளத் தொடர் உள்ள டிஎன்ஏவையே அது பெரிதும் விரும்புகிறது. 1995இல் அதன் முழு மரபணுத்தொகுதியும் வாசிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 18 இலட்சம் கார இணைகளுக்குள் அந்தத் தொடர் 1465 இடங்களில் இருந்தது தெரியவந்தது. மேகவெட்டைக் கிருமி அடங்கிய நைசீரியா இனத்துக்கும் இதுபோல் தனக்கென ஓர் அடையாளத் தொடர் உண்டு. பசித்தவன் உறவினர் வீட்டில் மட்டுமே உண்பேன் என்று ஏன் சொல்ல வேண்டும்?

நுண்ணோக்கி:

அடையாளத் தொடர் பற்றிய வாதத்திற்கு மறுமொழி உண்டு. ஏற்பிப் புரதம் தற்செயலாக ஒரு தொடரைச் சற்றுக் கூடுதலாகப் பற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொடர் உள்ள துண்டுகளே அதிகமாக உள்ளே வரும், அதிகமாகக் குரோமோசோமில் பொருந்தும். பல்லாயிரம் தலைமுறைகளில் அந்தத் தொடர் மரபணுத்தொகுதியெங்கும் தானாகவே குவிந்துவிடும். உறவினரைத் தேர்ந்தெடுக்கும் நோக்கம் எதுவும் இதற்குத் தேவையில்லை. விப்ரியோவின் நொதி அடங்குவது குறித்த சான்று வலுவானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு உணவுக் கருதுகோளிடம் எளிய விடை இல்லை.

இன்னொரு கருத்தும் உண்டு. எனக்கு அது மிகவும் பிடித்தமானது. உருமாற்றம் புதியதைச் சேர்ப்பதைவிட வேண்டாததை நீக்கவே கூடுதலாகப் பயன்படுகிறது என்பது அது. 2016இல் குரவுச்சரும் உடனாய்வாளர்களும் இதை விரிவாக முன்வைத்தார்கள். ஒரு செல்லின் குரோமோசோமில் பேஜ் ஒன்று புகுந்து ஒளிந்திருக்கிறது. அருகில் இறந்த உறவுச் செல்லில் அது இல்லை. அந்தப் பேஜின் இருபுறத்தையும் ஒத்த ஒரு குறுந்துண்டு கிடைத்தாலே போதும், முழுப் பேஜையும் வெட்டியெறிந்துவிடலாம். அதே பேஜைப் புதிதாகப் புகுத்தவோ மிக நீண்ட துண்டு முழுதாக வர வேண்டும். துண்டுகள் பொதுவாகக் குட்டையாகவே உள்ளே வருவதால், கணக்கு நீக்குதலின் பக்கமே சாய்கிறது. ஒட்டுண்ணிக் கூறுகளும் இதற்கு எதிராக இயங்குவதைப் பார்க்கலாம்: லிஸ்டீரியாவில் ஏற்புத்திறனை இயக்கும் காம்கே மரபணுவின் நடுவிலேயே ஒரு பேஜ் புகுந்து அதைத் துண்டித்திருக்கிறது. அசினெட்டோபாக்டர் பாமானியில் மருந்தெதிர்ப்பு மரபணுக்களைச் சுமந்த டிஎன்ஏ தொகுதிகள் (தீவுகள்), உருமாற்றத்தில் பங்குகொள்ளும் காம்எம் மரபணுவுக்குள் புகுந்திருக்கின்றன.

இளவேனில்:

மருத்துவ நுண்ணுயிரியல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். காரணம் எதுவாயினும் விளைவு நோயாளியைத் தொடுகிறது என்பதால் இதில் எனக்கு ஆழ்ந்த அக்கறை உண்டு.

நிமோகாக்கஸ் பென்சிலினை எதிர்ப்பது, பென்சிலினைச் சிதைக்கும் நொதியால் அல்ல. பென்சிலின் சென்று ஒட்ட வேண்டிய புரதங்களின் மரபணுக்களே வாயில் வாழும் பிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களிலிருந்து துண்டு துண்டாக வந்து, ஒட்டுவேலை செய்த துணிபோல் மாறியிருக்கின்றன. முழு மரபணு மாறாமல் நடுவில் ஒரு பகுதி மட்டும் அயலினத்துடையதாக இருப்பது உருமாற்றத்தின் தெளிவான தடயம். மேகவெட்டை நோயின் கிருமியிலும் இதே வகைக் கலப்பு நிகழ்ந்து, செஃபலோஸ்போரின் மருந்துகளின் ஆற்றலைக் குறைத்திருக்கிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், உலகின் பல பகுதிகளிலிருந்து பெற்ற ஒரே மரபுவழியைச் சேர்ந்த 240 நிமோகாக்கஸ் மாதிரிகளை வாசித்தபோது, வெளி டிஎன்ஏ குரோமோசோமில் பொருந்திய மறுசேர்க்கை நிகழ்வுகள் 700க்கும் மேல் தெரிந்தன. அவற்றுள் சில, செல்லின் சர்க்கரை உறையையே மாற்றிவிட்டன. தடுப்பூசி அடையாளம் காண்பது அந்த உறையைத்தான். கிரிஃபித் எலியில் கண்டதும் இதே உறை மாற்றமே. மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் அது இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

அதே வேளையில், எதிர்ப்புத்திறன் பரவலை முழுவதும் உருமாற்றத்தின் கணக்கில் எழுதுவது தவறான படத்தைத் தரும். குடல்வாழ் பாக்டீரியாக்களில் பெரும்பங்கு, செல்லோடு செல் ஒட்டிப் பிளாஸ்மிட்டைக் கடத்தும் இணைவுக்கே உரியது. 1950களின் இறுதியில் ஜப்பானில், ஒரே நோயாளியின் ஷிகெல்லாவும் ஈ. கோலையும் ஒரே தொகுப்பு மருந்துகளை எதிர்த்து நின்றதிலிருந்தே எதிர்ப்புப் பிளாஸ்மிட்டுகள் அடையாளம் காணப்பட்டன. கோலிஸ்டின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தபோதும் அது ஒரு பிளாஸ்மிட்டில்தான் இருந்தது. பேஜ்களின் பங்கையும் மறக்கக் கூடாது. காலரா நச்சின் மரபணுக்கள் ஓர் இழைவடிவப் பேஜின் மூலம் கடத்தப்படுகின்றன என்பது 1996இல் வெளிப்பட்டது.

அகல்விழி:

அனைவருக்கும் மிகுந்த நன்றி. இப்போது ஒரு நடைமுறைக் கேள்வி எழுகிறது. இரண்டு வகைப் பாக்டீரியாக்களை ஒன்றாக வளர்த்தபின், ஒன்றின் எதிர்ப்புத்திறன் மற்றொன்றிடம் தோன்றினால், அது உருமாற்றமா, இணைவா, பேஜ் வழிக் கடத்தலா என்று எப்படிப் பிரித்தறிவது?

மருதன்:

டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி ஆகியோர் 1944இல் உருமாற்றும் பொருள் டிஎன்ஏவே என்று நிறுவியபோது நம்பிய சோதனைகளுள் இதுவும் ஒன்று: புரதத்தையும் ஆர்என்ஏவையும் சிதைக்கும் நொதிகள் அதன் ஆற்றலைக் குறைக்கவில்லை, டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதியோ அதை ஒழித்தது. கலப்பு வளர்ப்பில் தொடக்கத்திலிருந்தே டிஎன்ஏஸ் இருக்கும்போது கூட்டங்கள் தோன்றாமல் போனால், வெறும் டிஎன்ஏ வெளியில் மிதந்து சென்றிருக்கிறது, அதாவது உருமாற்றம், என்று பொருள் கொள்ளலாம்.

டிஎன்ஏஸ் இருந்தும் தோன்றினால், இரு வளர்ப்புகளையும் செல்கள் புக முடியாத நுண்வடிகட்டியால் பிரித்து வையுங்கள். 1950இல் பெர்னார்டு டேவிஸ், அடிப்பகுதியில் வடிகட்டி பொருத்திய வளைகுழாயின் இரு கைகளில் ஈ. கோலையின் இரு வகைகளை வளர்த்து, செல்கள் தொட்டுக்கொள்ளாவிட்டால் மரபணு கடக்காது என்று காட்டினார், அது இணைவு. ஜிண்டரும் லெடர்பர்கும் சால்மோனெல்லாவில் அதே சோதனையைச் செய்தபோது வடிகட்டியையும் தாண்டி மரபணு கடந்தது, டிஎன்ஏஸும் அதைத் தடுக்கவில்லை. 1952இல் அவர்கள் வெளியிட்ட அந்தக் கண்டுபிடிப்புத்தான் பேஜ் வழிக் கடத்தல்.

ஆயினும் இந்த இரண்டு சோதனைகளோடு நிறுத்திவிடாதீர்கள். பல பாக்டீரியாக்கள் வெளிச்சவ்விலிருந்து சிறு குமிழ்களை உதிர்க்கின்றன. அவற்றுக்குள் அடைபட்ட டிஎன்ஏவை டிஎன்ஏஸ் தொட முடியாது, அவை வடிகட்டியையும் கடக்கும், ஆகவே பேஜ்போலவே தோற்றமளிக்கும். மறுபுறம், பாக்டீரியாக்கள் கூடி ஒட்டி வாழும் உயிர்ப்படலத்திற்குள் அல்லது களிமண் துகளின்மேல் ஒட்டியுள்ள டிஎன்ஏவை நொதி முழுமையாக எட்டாததால், உருமாற்றமே நடந்திருந்தாலும் நொதி அதைத் தடுக்கவில்லை என்று தோன்றக்கூடும். அசினெட்டோபாக்டர் பைலியி, 43,000 ஆண்டுகள் பழமையான மாமத யானை எலும்பிலிருந்து எடுத்த மிகக் குறுகிய, சிதைந்த டிஎன்ஏவைக்கூட ஏற்றுத் தன் குரோமோசோமில் சேர்த்ததை 2013இல் காட்டினார்கள். எனவே நொதி பாதி வெட்டிய துண்டுகளால் எதுவும் ஆகாது என்றும் எண்ணிவிட வேண்டாம்.

இயன்றால் பெறுநர் வகையில் காம்இசி மரபணுவை நீக்கிய ஒரு பிறழ்வகையைத் தயாரித்து, அதையும் அதன் மூலவகையையும் அருகருகே வைத்து இதே சோதனையைச் செய்யுங்கள். மூலவகையில் கூட்டங்கள் தோன்றி, காம்இசி இழந்ததில் தோன்றாவிட்டால், டிஎன்ஏஸ் என்ன சொன்னாலும் டிஎன்ஏ அந்த வாயில் வழியாகத்தான் வந்திருக்கிறது. இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் தோன்றினால் உருமாற்றத்தை விட்டுவிட்டு, கொடுநர் செல்லின் பிளாஸ்மிட்டில் கடத்தும் மரபணுக்கள் உள்ளனவா, அதன் குரோமோசோமில் பேஜ் ஒளிந்திருக்கிறதா என்று தேடத் தொடங்குங்கள்.